எந்த இடத்தில் போனைக் கீழே வைத்தீர்கள்?

போன ஆடியில் ஒரு கதை எழுதினேன். 1,400 சொற்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கிற ஓர் அப்பா. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட மூத்த மகள். அப்பா கடைசியாகச் செய்த ஒரு ஜோடிக் கொலுசை மஞ்சள் பைக்குள் வைத்து, அக்காவிடம் கொடுக்க மலைப் பேருந்தில் ஏறுகிற இளையவள். வண்டி அஸ்தம்பட்டி தாண்டும், அடிவாரம் தாண்டும், 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து ஏரிக்கரையில் நிற்கும். அங்கேயே கதையும் நின்றுவிடும். கொலுசு அக்காவின் கைக்குப் போனதா என்று எழுதவில்லை.

அந்தக் கதை இப்போது நான்காம் வடிவத்தில் இருக்கிறது. இரண்டாவது 6,200 சொற்கள், மூன்றாவது 4,800, நான்காவது 4,100. நடுவில் எட்டு மாதம் ஓடிவிட்டது. என் நேரம் மட்டும் போயிருந்தால் அதைப் பற்றி எழுத மாட்டேன். இன்னும் பல பேருடைய மாலைகளும் அதில் போயிருக்கின்றன. ஒரு கதையைத் திருத்தி, நீட்டி, மறுபடி நாலு பேர் முன் வைப்பது என்பது என்ன மாதிரியான காரியம் என்று இந்த எட்டு மாதத்தில்தான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

எங்கள் குழுவில் என்னோடு பத்துப் பேர். வாட்ஸாப்பில் கோப்பை அனுப்புவோம், மாதத்தில் ஒரு ஞாயிறு அம்மாபேட்டையில் தமிழய்யா வீட்டுத் திண்ணையில் உட்காருவோம். அய்யா பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் கீழே வருவது அபூர்வம், குரல் பதிவாகத்தான் பேசுவார். இரவுப் பணி செய்கிற நர்ஸ் அக்கா ஒருவர். இயற்பியல் படிக்கிற கல்லூரிப் பெண் ஒருத்தி. மற்றவர்கள் சூரமங்கலம், கொண்டலாம்பட்டி, ஒருவர் சிங்கப்பூர்.

முதல் வடிவத்தை ஒன்பது பேருக்கும் ஒரே நாளில் அனுப்பினேன். அது தப்பு என்று அப்போது தெரியாது. ஒரு கதையை ஒருவர் முதல்முறை படிப்பது ஒரே ஒரு தடவைதான். அடுத்த தடவை அவருக்கு அப்பா யார், கொலுசு யாருக்கு, வண்டி எங்கே நிற்கும் எல்லாம் தெரியும். நான் எழுதாமல் விட்டதைக்கூட அவர் போன வடிவத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டு படிப்பார். ஒன்பது முதல் வாசிப்புகளையும் பச்சையான ஒரு கதைக்கே செலவழித்துவிட்டேன்.

எல்லோரும் அன்பாகத்தான் எழுதினார்கள். எல்லோரிடமும் ஒரு கேள்வி இருந்தது. அக்கா ஏன் கீழே வரவில்லை? அப்பாவுக்கு என்ன நோய்? இளையவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? அம்மா எங்கே? வளைவுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதலாமே? ஏற்காட்டில் காப்பி எப்படி வந்தது என்று ஒரு வரி சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு உதவுமே?

கேள்விகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன். அக்காவுக்கு ஒரு பழைய கோபம் கொடுத்தேன். அவள் விரும்பியவனை அப்பா ஏற்கவில்லை, அதனால் வரவில்லை, இரண்டு பக்கம். அப்பாவுக்கு நுரையீரல் நோய், ஒரு பக்கம். பேருந்து ஏற்காடு சாலையில் போகும்போது இன்றும் நிற்கிற, பழைய சினிமா கம்பெனியான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைப் பார்த்து இளையவள் அதை நிறுவிய டி.ஆர். சுந்தரத்தையும், அந்த வளாகத்திலிருந்து வந்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களையும் நினைப்பதாக ஒன்றரைப் பக்கம். 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்ததைப் பற்றி மூன்று பத்தி. அம்மா எங்கே என்ற கேள்விக்கு ஒரே ஒரு வரி: ‘அவளுடைய ஏழாம் வயதிலேயே அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள்.’ அந்தக் கேள்வியையும் அடித்தேன்.

ஐப்பசி முடிவில் 6,200 சொற்கள் ஆகியிருந்தது. ஒரு கேள்விக்கும் பதில் பாக்கி இல்லை. பெருமையோடு அனுப்பினேன்.

அந்தப் பெருமைக்குக் காரணம் எனக்கு இன்றும் புரிகிறது. சொன்ன சொல்லைக் கேட்கிறவள் என்று பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை. நான் எழுத ஆரம்பித்ததே முப்பத்தெட்டு வயதில். யாராவது நேரம் ஒதுக்கி என் கதையைப் படித்து ஒரு குறை சொன்னால், அதைச் சரிசெய்யாமல் விடுவது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். அவர்கள் கேட்டதைக் கொடுத்தேன். கதைக்கு என்ன வேண்டும் என்று கதையைக் கேட்கவில்லை.

பதில் வரத் தாமதமானது. ஆறாயிரம் சொற்களைப் போனில் படிப்பது லேசான விஷயமில்லை. கட்டைவிரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கல்லூரிப் பெண் எழுதினாள்.

“அக்கா, மூணாம் பக்கத்துல அந்த சினிமா கம்பெனி வர்ற எடத்துல அம்மா கூப்பிட்டாங்கன்னு போனைக் கீழ வெச்சேன். திரும்ப எடுக்கணும்னு தோணல. மறுநாள் காலேஜ் பஸ்ல ஞாபகம் வந்து எடுத்தேன். அதுக்கப்புறம் பதினோராவது வளைவுல இன்னொரு தடவ வெச்சேன். கடைசி ஒன்றரைப் பக்கம் மட்டும் ஒரே மூச்சா படிச்சேன். வேற எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலக்கா.”

இதைவிட உபயோகமான ஒரு கருத்து எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. அவள் மருந்து சொல்லவில்லை. வலிக்கிற இடத்தில் விரலை வைத்தாள், அவ்வளவுதான். முதல் தடவை ஒன்பது பேரும் எனக்கு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். இதைச் சேர்க்கலாம், அதை விளக்கலாம் என்று. அந்தச் சீட்டுகளுக்குப் பின்னால் இருந்த வலியை நான் விசாரிக்கவே இல்லை. ‘காப்பி எப்படி வந்தது என்று சொல்லலாமே’ என்றவருக்கு உண்மையில் காக்பர்னைப் பற்றித் தெரிய வேண்டியிருக்கவில்லை. பின்னால் கேட்டபோது சொன்னார்: “அக்கா வேல செய்யற எடம் எனக்குக் கண்ணுல வரலம்மா. அதத்தான் அப்படிக் கேட்டுட்டேன்.” கண்ணில் வரவில்லை என்பதுதான் வலி. நான் அதற்கு இருநூறு வருட வரலாற்றைக் கொடுத்திருக்கிறேன்.

தமிழய்யா போனில் படிக்க மாட்டார். அவருக்காக ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன், இரண்டு வரி இடைவெளி விட்டு. எதையும் இரண்டு முறை படிப்பார். ‘ஒருகுறி கேட்போன் இருகால் கேட்பின் பெருக நூலில் பிழைபாடு இலனே’ என்று நன்னூலைச் சொல்லுவார். அது மாணவன் பாடம் கேட்கிற முறைக்குச் சொன்னது. அய்யா அதைக் கதைக்கும் எடுத்துக்கொண்டார். முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடவே மாட்டார். இரண்டாவதில்தான் ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள். அந்தக் குறிப்புகளும் நன்னூல்தான். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்கி வைத்துவிட்டுப் போனார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று தொடங்கும். பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள் நான். என் சொந்தப் பக்கத்தின் ஓரத்தில் அதைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

மாடர்ன் தியேட்டர்ஸ் பத்திக்குப் பக்கத்தில்: ‘மற்றொன்று விரித்தல்.’ பதினோராவது வளைவில் வருகிற காக்பர்னுக்கும் அதுவே. அப்பாவின் இருமல் நான்காவது முறை வந்த இடத்தில்: ‘கூறியது கூறல்.’ முதல் பக்கத்தில் அப்பாவுக்கு இடது கண் மங்கல், ஐந்தாம் பக்கத்தில் வலது கண்: ‘மாறுகொளக் கூறல்.’ ஏரிக்கரையில் வண்டி நின்ற பிறகு நான் புதிதாகச் சேர்த்திருந்த அழுகைக் காட்சிக்கு: ‘சென்று தேய்ந்து இறுதல்.’ கம்பீரமாகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து முடிவது. அந்த மூன்று சொல்லைப் பார்த்துக்கொண்டு அவர் திண்ணையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நீட்டிய கதைகளுக்கு வருகிற வியாதிக்கு எழுநூறு வருடத்துக்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள்.

கல்லூரிப் பெண் போனைக் கீழே வைத்த இரண்டு இடங்களும் அய்யா ‘மற்றொன்று விரித்தல்’ என்று எழுதிய இரண்டு இடங்களும் ஒன்றே. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதைப் பார்த்த பிறகு வெட்டுவதற்குத் தயக்கம் வரவில்லை.

ஏற்காட்டு அண்ணனிடமிருந்து பதிலே இல்லை. கார்த்திகை பாதியில் ஓர் இரவு பதினொரு மணிக்குக் குரல் பதிவு வந்தது. பின்னால் பூச்சிச் சத்தம்.

“மன்னிச்சுக்கங்கம்மா, பழம் எடுப்பு ஓடுது, சாயங்காலம் எடை போட்டு முடிக்கவே ஏழு மணி ஆயிடுது. கதை படிச்சேன். ஒரே ஒரு விஷயம். பெரியவ தலையில காப்பிப் பூ வெச்சிருக்கான்னு எழுதியிருக்கீங்க, கூடையில செவப்புப் பழமும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்காதுங்கம்மா. பூ வர்றது மாசி, பங்குனியில மழ பேஞ்சு எட்டுப் பத்து நாள் கழிச்சு. ரெண்டு மூணு நாள் வெள்ளையா நிக்கும், மல்லி வாசம் அடிக்கும், அப்பறம் கருகிடும். பழம் எடுக்கறது கார்த்திகையில இருந்து தை வரைக்கும். நீங்க எந்த மாசத்துல கதைய வெச்சிருக்கீங்கன்னு முடிவு பண்ணிக்குங்க. பழ மாசம்னா, அவ அப்பனே செத்தாலும் எறங்கி வர்றது கஷ்டம். செடியில பழம் நிக்காது, கொட்டிப் போயிரும். கிலோவுக்குத்தான் கூலி. வருசத்துல நாலு காசு பாக்கறது அந்த ரெண்டு மூணு மாசந்தான்.”

நான் அதை ஐந்தாறு தடவை கேட்டேன். முதலில் வெட்கமாக இருந்தது. நாற்பது வருடமாகச் சேலத்தில் இருக்கிறேன், நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலை. பூவும் பழமும் எந்த மாதம் என்று தெரியாமல் எழுதியிருக்கிறேன். மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் அவர் போகிற போக்கில் சொன்ன வாக்கியம் காதில் விழுந்தது. அப்பனே செத்தாலும் இறங்கி வருவது கஷ்டம்.

அக்கா ஏன் வரவில்லை என்பதற்கு நான் கண்டுபிடித்த காதலும் கோபமும் எதற்கு? அவளுக்குக் கோபமே இல்லை. அவளுக்குப் பழ மாசம். அப்பா படுத்திருக்கிறார் என்று தெரியும், வர வேண்டும் என்று இருக்கிறது, நாளைக்கு இன்னொரு செடி பழுத்திருக்கிறது. இரண்டு பக்கம் எழுதியும் நம்பும்படி வராத காரணம், தேதி திருத்தப்போன ஒருவரின் வாயிலிருந்து ஒரு மூச்சில் வந்துவிட்டது. பூவைத் தலையிலிருந்து எடுத்தேன். கோபத்தை எடுத்தேன். கையில் காய்ந்த பழச்சாற்றின் கறையும், எடை போடுகிற இடத்தில் அவள் வரிசையில் நிற்பதும் வந்தன. அந்த இரண்டு பக்கம் முக்கால் பக்கமானது, கதையோ பெரிதானது. சொற்களின் எண்ணிக்கையால் ஒரு கதை நீளாது என்று இதனால்தான் சொல்கிறேன்.

திருத்திய வடிவத்தை அனுப்பும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் நாங்கள் நிறையத் தடுமாறியிருக்கிறோம். ஒரு காலத்தில் மாற்றிய இடங்களையெல்லாம் வண்ணம் போட்டு அனுப்பினோம், படிப்பவருக்கு வசதி என்று. நடந்தது என்னவென்றால் எல்லோரும் வண்ணத்தை மட்டும் படித்தார்கள். புதிய பத்தி பழைய பத்தியின் பக்கத்தில் எப்படி உட்கார்கிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. நர்ஸ் அக்கா சொன்னார், “தையல் போட்ட எடத்த மட்டும் பாத்துட்டு ஆளு எப்படி இருக்காருன்னு கேக்காம வர்ற மாதிரி இருக்கு.” இப்போது சுத்தமான கோப்புதான். என்ன மாற்றினேன் என்ற குறிப்பு வேண்டுமானால் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால். பழைய வடிவங்கள் கூகுள் டாக்ஸின் வரலாற்றில் பத்திரமாக இருக்கும், வெட்டியதைப் பற்றிய பயம் வேண்டாம். நான் வெட்டிய மாடர்ன் தியேட்டர்ஸ் பக்கங்கள் அங்கேதான் இருக்கின்றன. கதையில் அந்த வளைவு ஒரு வரி மட்டும் வருகிறது: அப்பா எந்தப் பேருந்தில் போனாலும் அந்த இடத்தில் மட்டும் எழுந்து பார்ப்பார்.

இன்னொன்று, ஒற்றுப்பிழை. தமிழில் கதையை விமர்சிக்க உட்காருகிறவர்களில் பாதிப்பேர் க், ச், த், ப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. அது தேவையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் வடிவத்தில் நாற்பது ஒற்று திருத்திக் கொடுத்தார் நண்பர் ஒருவர். அதில் முப்பது நான் மொத்தமாக வெட்டி எறிந்த பத்திகளில் இருந்தன. அவருடைய ஒரு ஞாயிற்றுக்கிழமை அதோடு போனது. இடியப்போகிற சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னது நான்தான். இப்போது கோப்பின் தலையிலேயே எழுதிவிடுகிறேன்: எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் குழுவில் ஒரு தம்பி இருந்தான். ஆத்தூர்ப் பக்கம். ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கு இறக்குகிற ஒரு பையனைப் பற்றி எழுதியிருந்தான். பால் எடுத்து, தொட்டியில் மாவு படிய விட்டு, களத்தில் காயவைக்கிற வேலைகளெல்லாம் அவன் உடம்பிலிருந்து வந்திருந்தன. மொழி கரடுமுரடு. பேச்சும் எழுத்தும் கலந்து வாக்கியங்கள் வால் இல்லாமல் நின்றன. எனக்குக் கதை பிடித்துப்போயிற்று; பிடித்ததால்தான் அதைச் செய்தேன். ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து அவன் வாக்கியங்களை ஒவ்வொன்றாக என் வாக்கியங்களாக மாற்றி, “இப்படி இருந்தா நல்லா இருக்கும் தம்பி, பாரு” என்று அனுப்பினேன். அவன் ‘நன்றிக்கா’ என்று ஒரு சொல் எழுதினான். திருத்திய வடிவத்தை அனுப்பவே இல்லை. இரண்டு மாதத்தில் குழுவிலிருந்து விலகினான்.

நான் உதவி செய்ததாகத்தான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். போன மார்கழியில், என் கதையின் ஒரு பத்தியைச் சிங்கப்பூர் நண்பர் அப்படியே திருப்பி எழுதி அனுப்பினார். நல்ல பத்தி. என்னுடையதைவிட நல்லது. அதைப் படித்தபோது என் வீட்டுக்குள் யாரோ வந்து என் பாத்திரங்களை அழகாக அடுக்கிவைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. எதை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கதையை இரண்டு வாரம் தொட முடியவில்லை. அப்போதுதான் அந்தத் தம்பி நினைவுக்கு வந்தான். எனக்கு நாற்பது வயது, ஒரு பத்திக்கே இப்படி. அவனுக்கு இருபது வயது, முழுக் கதை.

அவனுக்கு எழுதினேன், மன்னிப்புக் கேட்டு. உன் வாக்கியங்கள்தான் சரி, நான் கை வைத்திருக்கக் கூடாது என்று. நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கிறான் என்று வேறொருவர் மூலம் கேள்விப்பட்டேன். அது போதும் என்று சொல்ல மாட்டேன், போதாது. அவன் அந்தக் கதையை நீட்டி எழுதியிருந்தால் முதலில் படிக்க எனக்கு ஆசை. கேட்கிற உரிமையை நானே தொலைத்துவிட்டேன்.

மூன்றாம் வடிவம் தை மாதத்தில் முடிந்தது. இந்தத் தடவை குழுவில் யாருக்கும் உடனே அனுப்பவில்லை. புதுக் கண் வேண்டுமென்று தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தது திட்டமிட்டு இல்லை. சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, இன்னும் கொலுசு வேலையில்தான் இருக்கிறான். ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது, “என்னக்கா எப்பப் பாத்தாலும் போன்ல தட்டிக்கிட்டே இருக்க” என்றான். கதை என்றேன். வாங்கிப் படித்தான். கதை படிக்கிற பழக்கம் இல்லாதவன், நிதானமாகப் படித்தான். பாதியில் நிமிர்ந்தான்.

“அக்கா, இதுல அப்பா ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து ஊதறாருன்னு போட்டிருக்க. முடி பறக்குதுன்னு வேற.”

“ஆமா?”

“ஃபேன் ஓடுனா நெருப்பு எப்படிக்கா நிக்கும்? பொடி பறந்துராதா?”

எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. அவன் பயந்துபோனான்.

நான் வளர்ந்தது அந்த அறையில். கொலுசின் ஒவ்வொரு இணைப்பிலும் பொடியை வைத்து, சுடரைக் குழாயால் ஊதிச் சாய்த்து அப்பா பற்றவைப்பார். காற்று அசையக் கூடாது. சித்திரை வெயிலில் சேலம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் காலையிலிருந்து எங்கள் வீட்டில் ஃபேன் ஓடாது. ஜன்னல் கதவு பாதி சாத்தியிருக்கும். நானும் அக்காவும் மாடிப்படியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவோம். அப்பாவின் முதுகில் வியர்வை கோடு கோடாக இறங்குவதை எத்தனை வருடம் பார்த்திருப்பேன். இருபது வருட ஏசி அறைக் கணக்கு வேலையில் அது எங்கேயோ போய்விட்டது. அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்து, பார்க்க அழகாக இருக்கும் என்று அவர் தலைக்கு மேல் ஒரு ஃபேனைச் சுற்ற விட்டிருக்கிறேன். ஒன்பது பேர் இரண்டு தடவை படித்தும் யாரும் அதைப் பிடிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எழுதியவளுக்கே தெரியவில்லை.

அதிலிருந்துதான் நான்காம் வடிவம். அப்பா ஃபேனை அணைத்துவிட்டு வந்து உட்காருவதிலிருந்து கதை தொடங்குகிறது. கதை முழுக்க வெக்கை. மலை ஏற ஏறக் குளிர் வருகிறது. அந்தக் குளிரில் இளையவளுக்கு அப்பாவின் முதுகு ஞாபகம் வருகிறது. அழுகைக் காட்சி தானாக உதிர்ந்துவிட்டது. வளைவுகளில் எட்டைக் காணோம். பங்குனி முதல் வாரத்தில் முடித்தேன். முடித்த அன்று ஏற்காட்டு அண்ணன் ஒரு படம் அனுப்பியிருந்தார், சரிவு முழுக்க வெள்ளை. ‘பூ வந்திருக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

இப்போது நாங்கள் பத்துப் பேரும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். முதல் வடிவம் மூன்று பேருக்குத்தான். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூடக் கூடாது. திருத்தி நீட்டிய பிறகு அடுத்த மூவர். அய்யா மட்டும் விதிவிலக்கு, அவர் எதையும் கடைசியில் படிப்பதையே விரும்புகிறார். நீளமான கதையை அனுப்பினால் இரண்டு வாரம் அவகாசம். படிக்க முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லலாம், அதில் வருத்தம் இல்லை. படித்துவிட்டு ‘அருமை’ என்று மட்டும் சொல்வதுதான் வருத்தம்.

என் கதைக்குப் புதுக் கண்ணே மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன். வீட்டிலேயே ஒருவர் இருந்தார். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், இப்போது கண்ணும் ஒத்துழைப்பதில்லை. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டாம் பக்கத்தில் அந்த வரி வந்தது. ‘அவளுடைய ஏழாம் வயதிலேயே அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள்.’ இரண்டாவதிலிருந்து மூன்று வடிவத்திலும் அதை நான் கண்டுகொள்ளவே இல்லை. யாரோ கேட்ட கேள்விக்கு அவசரமாகக் கொடுத்த பதில், அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. என் அம்மாவின் முன்னால், என் குரலில், அதைப் படித்தேன். நிறுத்த முடியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார்.

முடித்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் கேட்டார்.

“உங்கப்பா எப்ப எந்திரிச்சுப் போயி ஃபேன அமத்துனாரு?”

“ஏம்மா?”

“கையில ஊதுகுழல் இருக்கறப்ப எந்திரிக்க முடியுமா? ‘ஏய், ஃபேன்’னு ஒரு சத்தம் வரும். அடுப்படியில இருந்து நாந்தான் ஓடியாருவேன். வேல முடிஞ்சா மறுபடி ஒரு சத்தம், போடறதுக்கு. ஒரு நாளைக்கு எத்தன தடவைன்னு கணக்கே இல்ல. சோறு அடிப் புடிச்சிரும்.”

சொல்லிவிட்டுக் கீரைக் காம்புகளை முறத்தில் அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

இன்று காலை ஐந்தாவது கோப்பைத் திறந்தேன். முதல் வேலையாக அந்த வரியை எடுத்தேன். வேறு எதுவும் இன்னும் எழுதவில்லை. அந்த வீட்டில் அடுப்படியிலிருந்து அப்பாவின் அறைக்கு எத்தனை அடி இருக்கும் என்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்க வேண்டும்.